கோடு ஏறியது, சீனி ஏறவில்லை



எபிசோட்டில் மேட்பிளாட்லிப் பற்றிப் பத்து நிமிசத்தில் ஓடி ஓடிச் சொல்லி முடித்துவிட்டேன். காரில் கேட்டுக்கொண்டு போனவர்கள் ‘அந்தக் கட்டளையின் பெயர் என்ன?’ என்று கேட்பீர்கள் என்று தெரியும். அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். எபிசோட்டில் சொல்லாத ஒரு கதையும் இருக்கிறது. சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

என் அம்மா ஸ்காபரோவில் அக்காவோடு இருக்கிறார். பத்து வருசத்துக்கு மேலாகச் சீனி வருத்தம். காலையில் எழும்பினவுடன் வெறும் வயிற்றில் விரலைக் குத்திச் சீனி பார்த்து, ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைப்பார். டொக்டரிடம் அந்தக் கொப்பியைக் கொண்டு போனால் அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடிவிடுவார். ஒருநாள் அம்மா என்னிடம், “நீ கொம்பியூட்டர் படிச்சனியெல்லோ, இதை ஒரு படமாக் கீறித் தா மோனை” என்றார்.

இது எனக்கு ஒரு வேலையா? கொன்ட்ராக்டில் போகிற இடமெல்லாம் நான் செய்வதே இதுதான். யாரோ ஒருவரின் எண்களை எடுத்து யாரோ ஒரு மனேஜர் பார்க்கிற மாதிரிக் கோடாகக் கீறிக் கொடுப்பது. அக்கா கொப்பியைப் பார்த்து இரண்டு கிழமைக் கணக்கை ஒரு சி.எஸ்.வி. கோப்பில் அடித்து அனுப்பினார். ஒரு சனிக்கிழமை இரவு, சாப்பிட முதல், பாண்டாஸில் கோப்பை வாசித்து மேட்பிளாட்லிப்பில் கீறினேன். பதினைந்து வரி ஸ்கிரிப்ட். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன்.

அக்காவின் பதில்: “தம்பி, என்ன வெள்ளைக் கடதாசி அனுப்பியிருக்கிறாய்?”

இதுதான் மேட்பிளாட்லிப்பை முதல்முறை தொடுகிற எல்லோருக்கும் நடப்பது. எனக்குப் பத்து வருசம் கழித்தும் நடக்கிறது. ‘ஷோ’ கட்டளையை முதலில் எழுதி, அதற்குப் பிறகு ‘சேவ்ஃபிக்’ எழுதினால் வெள்ளைப் படம்தான் கோப்பில் விழும். ‘ஷோ’ ஒரு ஜன்னலைத் திறக்கும், நீங்கள் பார்த்துவிட்டு மூடுவீர்கள், மூடியதோடு அந்தப் படம் பைபிளாட்டின் கையைவிட்டுப் போய்விடும். பிறகு ‘சேவ்ஃபிக்’ வந்து ‘இப்போதைய படம் எது?’ என்று கேட்டால், எதுவும் இல்லாததால் புதிதாக ஒரு வெறும் படத்தை உண்டாக்கி, அதைப் பத்திரமாகச் சேமித்துத் தரும். பிழைச்செய்தி எதுவும் வராது. முதலில் சேமியுங்கள், பிறகு காட்டுங்கள். அதைவிட நல்லது, ‘சப்பிளாட்ஸ்’ மூலம் படத்தையும் அச்சுகளையும் பெயர் சொல்லிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தப் படத்திடமே ‘சேவ்ஃபிக்’ சொல்வது. அப்படிச் செய்தால் ‘இப்போதைய படம்’ எது என்ற ஊகத்துக்கு இடமே இல்லை.

வரிசையை மாற்றினேன். இந்த முறை கோடு வந்தது. திரும்பவும் குழுவில் போட்டேன். இந்த இடத்தில்தான் பிழை விட்டேன்.

ஏணி

கோடு ஏணி மாதிரி ஏறியது. இடது பக்கம் அடியில் தொடங்கி, நடுவில் ஒரேயொரு இடத்தில் தடக்கி விழுந்து, பிறகு வலது மூலையின் உச்சிக்குப் போனது. டொக்டர் அம்மாவுக்குச் சொன்ன எல்லை 4க்கும் 7க்கும் இடையில். அதை ஒரு பச்சைப் பட்டையாகப் போட்டிருந்தேன். முதல் நாட்கள் அந்தப் பட்டைக்குக் கீழே, கடைசி நாட்கள் பட்டைக்கு எங்கேயோ மேலே. பார்த்தவுடனே வயிற்றைப் பிசைந்தது. “அம்மா, என்ன சாப்பிடுறீங்கள்? சீனி விடாமல் ஏறிக்கொண்டே போகுது” என்று குழுவில் குரல்செய்தி போட்டேன். கொஞ்சம் அதட்டலாகத்தான்.

அம்மா அன்றிரவு புட்டை ஒதுக்கி வைத்துவிட்டார். சீனி போடாத பிளேன்ரீ மட்டும் குடித்து, இரவுக் குளிசையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு படுத்தார். அது சாப்பாட்டோடு போட வேண்டிய குளிசை. விடிய ஐந்தரைக்கு அக்கா போன் எடுத்தார். அம்மாவுக்குக் கை நடுக்கம், உடம்பெல்லாம் வியர்வை. சீனி 3.6. தோடம்பழச் சாறு குடிக்க வைத்து, கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறின பிறகுதான் அக்கா மூச்சு விட்டார்.

போனை வைத்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த சீனி ஒரு நேரச் சாப்பாட்டை விட்டதும் 3.6க்கு எப்படி வரும்? அப்போதுதான், முதல்தடவையாக, கோட்டை விட்டுவிட்டு இடது பக்க அச்சைப் பார்த்தேன்.

அச்சில் அடியிலிருந்து மேலே இருந்த எண்கள் இவை: 7.4, 7.9, 7.1, 8.2, 6.9, 7.6, பிறகு வரிசையாகச் சில சின்னச் சதுரப் பெட்டிகள், பிறகு 7.3, 6.8, 7.0, 6.6, 6.4, 6.3. அதாவது 8.2 கீழேயும் 6.3 உச்சியிலும். இரண்டு கிழமையில் மிக நல்ல எண் எதுவோ, அது மலை உச்சியில் நின்றது. அம்மாவின் சீனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஏறுகிறது என்று சொல்லி அவவைப் பட்டினி போட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். ஏழாம் நாள் அம்மா சீனி பார்க்கவில்லை. கொப்பியில் ‘பார்க்கேல்லை’ என்று எழுதியிருந்தார். அக்கா உள்ளதை உள்ளபடி அடிக்கிற ஆள். அந்தக் கட்டத்தில் தமிழில் ‘பார்க்கேல்லை’ என்றே அடித்துவிட்டார். பாண்டாஸ் ஒரு சி.எஸ்.வி. நிரலை வாசிக்கும்போது, அதில் எண்ணாக மாறாத ஒரு சொல் இருந்தால் போதும், நிரல் முழுவதையும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். 7.4 என்பது எண் 7.4 அல்ல, ஏழு, புள்ளி, நாலு என்ற மூன்று எழுத்து. அப்படி எழுத்துகளை மேட்பிளாட்லிப்பிடம் கொடுத்தால் அது அவற்றை வகைகளின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ஆப்பிள், தோடை, வாழை மாதிரி. முதலில் வந்த பெயருக்கு 0ஆம் இடம், அடுத்த புதிய பெயருக்கு 1, அதற்கடுத்ததுக்கு 2. புதிய எண் வரும்போதெல்லாம் கோடு ஒரு படி ஏறும். முன்பு வந்த எண் திரும்ப வந்தால் மட்டும் பழைய படிக்கு இறங்கும். பத்தாம் நாள் 7.1 இரண்டாம் முறை வந்தது, நடுவில் விழுந்த அந்த ஒரு பள்ளம் அதுதான்.

இன்னும் மோசமானது என் பச்சைப் பட்டை. அதற்கு நான் கொடுத்த 4, 7 இரண்டும் உண்மையான எண்கள். மேட்பிளாட்லிப் அவற்றை நாலாம் படி, ஏழாம் படி என்று எடுத்துப் பட்டையைக் கீறியது. கடைசி நாளின் 6.3 பன்னிரண்டாம் படியில். பட்டையும் பொய், கோடும் பொய், ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தின. இப்படிப்பட்ட பொய்தான் ஆபத்து.

எச்சரிக்கை வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. 2986ஆம் கிளிஃப், ‘தமிழ் எழுத்து ப’, டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் இல்லை என்று டெர்மினலில் ஒரு வரி. ‘ஓ, ஃபொன்ட் பிரச்சினை’ என்று கடந்து போய்விட்டேன். அந்த ஸ்கிரிப்ட்டில் நான் ஒரு தமிழ் எழுத்துக்கூட எழுதவில்லை! தலைப்பும் ஆங்கிலம், அச்சும் ஆங்கிலம். பிறகு இந்த ‘ப’ எங்கிருந்து வந்தது என்று ஒரு செக்கன் யோசித்திருந்தால் அம்மா இரவு சாப்பிட்டிருப்பார்.

இந்த வகைக் குழப்பத்துக்கு மேட்பிளாட்லிப் தானாக ஒரு குறிப்பும் எழுதி வைக்கும். கொடுத்த எழுத்துகள் எல்லாமே எண்ணாகவோ திகதியாகவோ மாறக்கூடியவை என்றால், ‘இவை எண்களாக இருக்க வேண்டுமென்றால் மாற்றித் தாருங்கள்’ என்ற தொனியில். ஆனால் அது லாகிங்கில் ‘இன்ஃபோ’ மட்டத்தில் இருப்பதால் நீங்களாகத் திறந்து விட்டாலொழியக் கண்ணில் படாது. என் விசயத்தில் ஒரேயொரு ‘பார்க்கேல்லை’ இருந்ததால் அந்தக் குறிப்பும் இல்லை.

திருத்தம் ஒரு வரி. பாண்டாஸின் ‘டு நியூமெரிக்’ கட்டளைக்கு ‘எரர்ஸ்’ என்பதை ‘கோயர்ஸ்’ என்று கொடுத்தால், எண்ணாக மாறாதவை எல்லாம் ‘எண் இல்லை’ என்ற வெற்றிடமாகும், மிச்சம் எண்ணாகும். அந்த இடத்தில் கோடு அறுந்து நிற்கும். சில பேர் இடைவெளி வடிவில்லை என்று அதை நிரப்பிவிடுவார்கள். நான் விட்டுவிட்டேன். அம்மா பார்க்காத நாள் பார்க்காத நாள்தான்.

ஆனால் அறுந்த கோட்டுக்கும் ஒரு குணம் இருக்கிறது. அடுத்த கிழமை அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சீனி பார்த்தார். கிராஃபில் எதுவுமே வரவில்லை, மொட்டைச் சட்டகம். கோடு என்றால் அடுத்தடுத்து இரண்டு புள்ளி வேண்டும், இரண்டு பக்கமும் வெற்றிடம் இருந்தால் நடுவில் நிற்கிற புள்ளிக்குக் கோடே இல்லை. ‘மார்க்கர்’ ஒன்று கொடுங்கள், ஒரு சின்ன வட்டம் போதும், தனிப்புள்ளியும் தெரியும்.

திகதிக்கும் இதே வருத்தம் உண்டு. திகதியை எழுத்தாகவே விட்டால் அதுவும் வகைப்பெயர் ஆகிவிடும், விடுபட்ட நாட்களுக்கு அச்சில் இடமே இருக்காது, ஐந்து நாள் இடைவெளி ஒரு நாள் மாதிரித் தெரியும். திகதியாக மாற்றும்போது அக்கா 03/04 என்று எழுதியது ஏப்ரல் 3 என்று சொல்லிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாண்டாஸ் மாதம்தான் முதலில் என்று எடுக்கும். அதைவிட அக்காவிடம் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அடிக்கச் சொல்வது சுகம். சொன்னேன். “சரி சேர்” என்று பதில் வந்தது.

இப்போது எந்தக் கோப்பு வந்தாலும் கீற முதல் நிரல்களின் வகையை அச்சிட்டுப் பார்ப்பேன். ‘ஃப்ளோட்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆப்ஜெக்ட்’ அல்லது ‘ஸ்ட்ரிங்’ என்று இருந்தால் கையை எடுத்துவிடுவேன்.

இதை உண்டாக்கியவர்

கோபத்தில் நூலகத்தைத் திட்டலாம் என்று தோன்றியது. ஆனால் மேட்பிளாட்லிப் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களால் அதைத் திட்டுவது கொஞ்சம் கஷ்டம். ஜோன் ஹண்டர் ஒரு நரம்பியல் ஆராய்ச்சியாளர். சிக்காகோவில் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்சமிக்ஞைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுகூடத்தில் அதற்கு இருந்தது காசு கொடுத்து வாங்கிய மென்பொருள், ஒரேயொரு உரிமம். கணினியில் செருகுகிற ஒரு சின்னச் சாவியை மாணவர்களும் மருத்துவர்களும் மாறி மாறி வாங்கிப் பாவித்தார்கள். அவர் முதலில் மேட்லாப்பில் தனக்கொரு கருவி எழுதினார், அது போதாமல் போகப் பைதானுக்கு வந்தார், பைதானில் மேட்லாப் மாதிரிக் கீறுவதற்கு எதுவும் இல்லாததால் தானே எழுதினார். 2003இல் வெளியானது. எல்லோருக்கும் இலவசம், மூலநிரலும் திறந்தது. 2012 ஓகஸ்டில், 44 வயதில், புற்றுநோய்ச் சிகிச்சையின் சிக்கல்களால் அவர் இறந்துவிட்டார். 2019இல் உலகம் பார்த்த முதல் கருந்துளைப் படத்தின் வேலையிலும் அவருடைய நூலகம் இருந்தது.

நோயாளியின் அளவீட்டைக் கண்ணால் பார்ப்பதற்காகப் பிறந்த கருவி அது. என் அம்மாவின் கொப்பிக்கும் அதற்கும் நான் நினைத்ததைவிட நெருக்கம்.

மேட்லாப் வழியாக வந்ததால்தான் இதில் ஒரே வேலையை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, ‘இப்போதைய படம்’ என்று ஊகித்துக்கொண்டு போகும் பைபிளாட் நடை. மற்றது, அச்சைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நடை. இணையத்தில் கிடைக்கிற விடைகளில் பாதி ஒன்று, பாதி மற்றது. இரண்டையும் வெட்டி ஒட்டினால் தலைப்பு ஒரு படத்திலும் கோடு இன்னொரு படத்திலும் போய் விழும். ஒரு நடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவதைச் சொல்வேன்.

வேலைத்தலத்தில் அடிக்கடி பார்க்கிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு இடத்தில் இரவுதோறும் நூற்றுக்கணக்கில் கிராஃப் கீறுகிற ஒரு ஸ்கிரிப்ட், நினைவகத்தைத் தின்று தின்று விடியும்போது விழுந்து கிடக்கும். அதன் லொக்கில் ‘20 படங்களுக்கு மேல் திறந்திருக்கிறீர்கள்’ என்ற எச்சரிக்கை மாதக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் வாசிக்கவில்லை. பைபிளாட் மூலம் உண்டாக்கிய படங்களை நீங்கள் ‘குளோஸ்’ சொல்லும்வரை அது கையில் வைத்துக்கொண்டே இருக்கும். சுழற்சியின் கடைசியில் ஒரு வரி போட்டேன், முடிந்தது. திரை இல்லாத சேர்வர் என்றால் பேக்கெண்டை ‘ஆக்’ என்று வைத்துவிடுங்கள், ஜன்னல் திறக்கப் பார்த்துப் பிழை சொல்லாது.

வறெும் வயிறு

திருத்திய கிராஃபைக் கொண்டு ஞாயிறு பின்னேரம் நேரிலேயே போனேன். மன்னிப்பும் கேட்டேன். அம்மா கோபிக்கவில்லை. ஆனால் ஒன்று சொன்னார்: “எனக்கு விளங்குற மாதிரித் தமிழிலை எழுதித் தா. நீங்கள் சொல்லித்தானே நான் பயந்தனான். நானே பார்த்தால் எனக்குத் தெரியும்தானே.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. அவருடைய இரத்தம், அவருடைய கொப்பி, ஆனால் அந்தப் படத்தை வாசிக்கிற அதிகாரம் மட்டும் எங்களிடம் இருந்தது. அக்காவின் மேசையிலேயே லப்டொப்பைத் திறந்தேன். ஐந்து நிமிச வேலை என்று நினைத்தேன்.

முதலில் சதுரப் பெட்டிகள். மேட்பிளாட்லிப் கூடவே கொண்டுவருகிற டெஜாவூ சான்ஸில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இறக்கிப் போட்டேன், அதன் பிறகும் பெட்டிகள். காரணம், மேட்பிளாட்லிப் கணினியில் உள்ள எழுத்துருக்களின் பட்டியலை ஒருதரம் எடுத்துச் சேமித்து வைத்துக்கொள்ளும், புதிதாக வந்தது அதற்குத் தெரியாமல் இருக்கும். சேமித்த பட்டியலை அழிக்கலாம். அல்லது ‘ஃபொன்ட் மேனேஜரில்’ ‘ஆட்ஃபொன்ட்’ என்று எழுத்துருக் கோப்பின் பாதையையே கொடுக்கலாம், அது சுகமான வழி. எழுத்துருக் குடும்பம் கேட்கிற இடத்தில் நோட்டோவையும் டெஜாவூவையும் ஒரு பட்டியலாகக் கொடுங்கள். 2022இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து, முதல் எழுத்துருவில் இல்லாத எழுத்தை அடுத்ததில் தேடும்.

பெட்டிகள் போய் எழுத்து வந்தது. வெற்றி என்று அம்மாவிடம் திரையைத் திருப்பினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“வ... றெ... இது என்ன மோனை, தமிழோ?”

நான் எழுதியிருந்தது ‘வெறும் வயிற்றில்’. திரையில் இருந்தது ‘வ’, அதற்குப் பின்னால் கொம்பு, அதற்குப் பின்னால் ‘ற’. கொம்பு ‘வ’வை விட்டுவிட்டு ‘ற’வோடு போய் ஒட்டிக்கொண்டது. ‘று’ ஒரே எழுத்தாகச் சேராமல் ‘ற’ ஒரு பக்கம், உகரக் குறி ஒரு பக்கம் நின்றது. நான் அந்தச் சொல்லைக் கண்ணால் வாசிக்கவே இல்லை. தமிழ் மாதிரி ஏதோ தெரிந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். உங்களில் சிலரும் அப்படித்தான் என்று சொன்னால் கோபிக்க வேண்டாம்.

இதன் காரணம் சுவையானது. யூனிகோட் தமிழைக் காது கேட்கிற ஒழுங்கில் சேமிக்கிறது. ‘வெ’ என்றால் முதலில் ‘வ’, பிறகு எகரக் குறி. திரையில் காட்டும்போது கொம்பை முன்னுக்கு இழுத்து வைப்பது வேறொருவரின் வேலை. பல பிரவுசர்களிலும் ஆண்ட்ராய்ட் போனிலும் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நூலகம். எந்த எழுத்துருவம் எந்த இடத்தில் வரவேண்டும் என்று தீர்மானிப்பது அது, தீர்மானித்த உருவத்தைக் கீறுவது ஃப்ரீடைப் போன்ற இன்னொன்று. என்னிடம் இருந்த மேட்பிளாட்லிப் ஃப்ரீடைப்போடு மட்டும்தான் பேசியது. நடுவில் ஒழுங்குபடுத்துகிறவர் இல்லை. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழ், ஹிந்தி, அரபு எல்லாம் உடையும்.

இதைப் புரிந்துகொண்டபோது சிரிப்பு வந்துவிட்டது. காலையில் என்னை மாட்டியதும் இதே குணம்தான். கையில் கொடுத்த ஒழுங்கில் அப்படியே கீறுவது. 6.3 கடைசியாக வந்தால் உச்சியில் வைக்கும், கொம்பு பின்னால் வந்தால் பின்னால் வைக்கும்.

அக்காவின் கணவர் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “பாமினியிலை அடிச்சுப் பாருமன்” என்றார். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கடிதங்கள், கோயில் நோட்டீஸ்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்த தலைமுறை அது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பூட்டிய எழுத்துரு. அதில் கண் பார்க்கிற ஒழுங்கில், கொம்பை முதலில் அடித்து, பிறகு எழுத்தை அடிக்க வேண்டும். அத்தான் சொன்னது உண்மையிலேயே வேலை செய்யும்! ஒழுங்குபடுத்த யாரும் இல்லாத இடத்தில், ஏற்கெனவே ஒழுங்காக அடித்த எழுத்து உடையாது. ஆனால் ஸ்கிரிப்ட்டில் அது வாசிக்க முடியாத ஆங்கிலக் குப்பையாக இருக்கும், தேட முடியாது, நகல் எடுத்தால் வேறெங்கும் வாசிக்க முடியாது. அதனால் வேண்டாம் என்றேன். அத்தானுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

நான் பிடித்த வழி எஸ்.வி.ஜி. மேட்பிளாட்லிப் ஒரு படத்தை எஸ்.வி.ஜி.யாகச் சேமிக்கும்போது எழுத்துகளை இயல்பாகவே கோட்டுருவங்களாக மாற்றிவிடும், உடைந்த கொம்பு உடைந்தபடியே கல்லில் வெட்டினது மாதிரி நின்றுவிடும். ஆனால் அமைப்புகளில் ‘எஸ்.வி.ஜி. ஃபொன்ட்டைப்’ என்பதை ‘நன்’ என்று வைத்தால் எழுத்தை எழுத்தாகவே கோப்பில் எழுதிவிடும். பிறகு அந்தக் கோப்பைப் பிரவுசரில் திறந்தால், பிரவுசர் தன் ஒழுங்குபடுத்துகிறவரைக் கூப்பிட்டுச் சரியான தமிழாகக் காட்டும். அங்கிருந்தே பிரிண்ட் எடுக்கலாம், பி.டி.எஃப். ஆக்கலாம். இரண்டு கவனம். திறக்கிற கணினியில் அந்த எழுத்துரு இருக்க வேண்டும். மேட்பிளாட்லிப் சொல்லின் அகலத்தைத் தன் பிழையான கணக்கில்தான் அளக்கும், அதனால் ஓரங்களில் கொஞ்சம் கூட இடம் விடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ என்பதை ஒரு அச்சில் போட்டுப் பார்த்தால் தெரியும்.

பி.என்.ஜி.தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு எம்.பி.எல்.கெய்ரோ என்ற மாற்றுப் பேக்கெண்ட் உண்டு, அது ராக்ம் மூலம் ஹார்ஃப்பஸைக் கூப்பிடும். ஸீலாடெக் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ‘பி.ஜி.எஃப்.’ பேக்கெண்டைப் பாவிக்கலாம், ஆய்வுக்கட்டுரை எழுதுபவர்களுக்கு அது நல்லது. எனக்கு அவ்வளவு பெரிய மூட்டையை அக்காவின் வீட்டில் இறக்க மனமில்லை. நீங்கள் எந்தப் பதிப்பு வைத்திருந்தாலும் முதலில் ‘கெ’, ‘கொ’, ‘கு’ மூன்றையும் தலைப்பில் எழுதி ஒருதரம் கீறிப் பாருங்கள். மூன்றும் சரியாக வந்தால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மாவின் வீடியோ கோல். படத்தைக் காட்டினோம். “என்னடி இது, உனக்கு ஆறு புள்ளி மூண்டோ? எனக்கு நூத்தி நாப்பது. உனக்குச் சீனியே இல்லை!” கனடாவில் மில்லிமோல் கணக்கு, சின்னம்மாவின் ரிப்போர்ட்டில் மில்லிகிராம் கணக்கு. ஒன்றை 18ஆல் பெருக்கினால் மற்றது. இதற்கு மேட்பிளாட்லிப்பில் ஒரு அருமையான வசதி இருக்கிறது. ‘செகண்டரி ஒய் ஆக்சிஸ்’ என்று சொல்லி, 18ஆல் பெருக்குகிற ஒரு ஃபங்ஷனையும் 18ஆல் வகுக்கிற ஒரு ஃபங்ஷனையும் கொடுத்தால், வலது பக்கத்தில் சின்னம்மாவின் கணக்கில் இன்னொரு அச்சு வந்துவிடும். ஒரே கோடு, இரண்டு ஊரும் வாசிக்கலாம். அம்மாவின் 6.3 அங்கே 113. சின்னம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கும் இப்பிடி ஒண்டு கீறித் தாவன் ராசா” என்றார்.

இப்போது அந்தத் தாள் அக்காவின் ஃபிரிட்ஜில் காந்தம் போட்டு ஒட்டியிருக்கிறது. மாதம் ஒருதரம் புதிது மாற்றுவேன். போன கிழமை போனபோது, ஒரேயொரு நாளில் பச்சைப் பட்டையைத் தாண்டி 9.8க்கு எழும்பி நின்ற புள்ளிக்குப் பக்கத்தில் அம்மா பேனையால் எழுதியிருந்தார்: ‘கலியாண வீடு’.

“அம்மா, இதை நான் ஸ்கிரிப்ட்டிலேயே போடலாம். அனொட்டேட் எண்டு ஒரு கட்டளை இருக்கு, அம்புக்குறியோடை வரும்” என்றேன்.

“வேண்டாம் மோனை,” என்றார். “பேனை காணும்.”